ஜீவாமிர்தத்துக்கு எந்தத் தண்ணீர்? போரா, மெட்ரோவா, மழையா?

தை மாதம் மாடியில் பத்துப் பையில் செடி பீன்ஸ் போட்டேன். முளைப்பு அருமை. நாலாவது இலை விட்டதும், இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியது போலக் கருகத் தொடங்கியது. பக்கத்துப் பையில் கொத்தவரை ஜோராக நின்றது. சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கரைத்துப் புளிக்கவைத்து ஊற்றும் ஜீவாமிர்தம் அதிகமாகிவிட்டதோ என்று ஒரு வாரம் நிறுத்தினேன், அப்புறம் பாதி அளவு கொடுத்தேன். கருகல் நிற்கவில்லை. பையின் விளிம்பிலும் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றியும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

அன்றைக்குத்தான் பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ் மீட்டர் ஒன்றை வாங்கினேன். லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது சுமாராகக் காட்டும். வீடு சென்னை மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், 1,600 காட்டியது. சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தொட்டியில்) இருந்த மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், 380. பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீர் வெறும் 25. அதுவரை ஜீவாமிர்தம் போட்டது, கலந்து ஊற்றியது, தினமும் செடிக்கு விட்டது எல்லாமே போர் தண்ணீர்தான். செடிக்குப் போர் போதும், மெட்ரோ தண்ணீர் மனுஷனுக்கு என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

தண்ணீர் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் குளோரினைத்தான் சொல்வார்கள். மெட்ரோ தண்ணீரில் போட்டால் நுண்ணுயிர் செத்துவிடும் என்பார்கள். நானும் அதற்குப் பயந்துதான் போருக்குப் போனேன். கணக்குப் போட்டால் பயம் கொஞ்சம் தெளியும். குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அந்த அளவில் நான் ஜீவாமிர்தம் போடும் 20 லிட்டர் டிரம்மில் இருப்பது 4 மில்லிகிராம். குழாயில் அதைப் போல ஐந்து மடங்கு வந்தாலும் 20 மில்லிகிராம்தான். அதில் ஒரு கிலோ சாணத்தைக் கரைத்தால் குளோரின் சாணத்தோடேயே வினைபுரிந்து தீர்ந்துபோகும். சந்தேகம் இருந்தால் வாளியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் திறந்து வையுங்கள், போய்விடும். ஒரு வாளியில் குழாயிலிருந்து நேராகவும், இன்னொன்றில் ஒரு நாள் வைத்த தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே மறுநாள் நுரைத்தன, வாசனையிலும் வித்தியாசம் இல்லை. இரண்டு முறைதான் செய்தேன், அதுவும் மூக்கை நம்பித்தான். ஆனால் சாணம் சேராத கரைசல், உதாரணமாக அரிசி களைந்த கழனித்தண்ணீரைப் புளிக்கவைத்துப் பால் சேர்ப்பது போன்றவற்றுக்கு, ஒரு நாள் வைத்த தண்ணீர்தான் நல்லது.

குளோரின் போய்விடும். உப்பு போகாது. என் முடிவு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

போர் தண்ணீர் நம்மை ஏமாற்றிவிடும். கரைசல் அதிலும் நன்றாகவே நொதிக்கும். நுரை வரும், அந்தப் புளித்த வாசனையும் வரும், 48 மணி நேரத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் நுரையைப் பார்த்து உப்பைக் கண்டுபிடிக்க முடியாது. நர்சரியில் கேட்டபோது, “ஜீவாமிர்தத்தைக் கூட்டிக் குடுங்க சார், நுண்ணுயிர் உப்பைத் தின்னுடும்” என்றார்கள். சோடியம் தின்னால் தீருகிற சரக்கா? கொதிக்கவைத்தாலும் கரைந்த உப்பு ஆவியாகாது. வெயிலில் வைத்தால் தண்ணீர் குறைந்து உப்பு இன்னும் கெட்டியாகும்.

இப்போது அளவைப் பாருங்கள். நான் போடுவது 20 லிட்டர். ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் தலா 200 கிராம், கைப்பிடி மண். அதைப் பத்து மடங்காக்கி 200 லிட்டராக 40 பைகளுக்கு ஊற்றுகிறேன். டிரம்மில் இருக்கும் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொண்டோமே, அது பத்தில் ஒரு பங்குதான். மிச்ச ஒன்பது பங்கு கலக்கும்போது சேர்வது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யத்தை 3 சதவீதத்தில் தெளித்தால் 97 பங்கு தண்ணீர். மீன் அமிலம் செய்ய ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், மீனும் வெல்லமும்தான். தெளிக்கும்போது பார்த்தால் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்.

ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. என் போர் தண்ணீரில் லிட்டருக்கு 1.6 கிராம் உப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கு 5 லிட்டர் கரைசல் என்றால் 8 கிராம். தினமும் ஒன்றரை லிட்டர் ஊற்றுகிறேனே, அதில் அதே பதினைந்து நாளில் 36 கிராம் சேர்ந்துவிடும். அடியில் வடிவது போகத்தான் மிச்சம் என்றாலும், நிலத்தில் போல மழைக்குக் கீழே இறங்கிப் போக பைக்குள் இடமில்லை. ஆகவே தினசரி போர் தண்ணீரை விட்டுக்கொண்டு கரைசலுக்கு மட்டும் மழைநீர் தேடுவது வீண்வேலை. நான் முதலில் மாற்றியது தினசரித் தண்ணீரை. அது இப்போது மெட்ரோ.

அப்படியானால் மழைத்தண்ணீர் எதற்கு? இலைக்கு. போர் தண்ணீரில் பஞ்சகவ்யம் தெளித்தால், காய்ந்த பிறகு இலை மேல் வெள்ளைத் திட்டுகள் நின்றன. ஸ்பிரேயர் முனையும் மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும், ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். மழைத்தண்ணீருக்கு மாறியபின் திட்டும் இல்லை, ஊசியும் தேடவில்லை. மழைத்தண்ணீரில் சத்தே இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். சத்தைப் பஞ்சகவ்யம் பார்த்துக்கொள்ளும்.

மற்றவை சுருக்கமாக. ஆர்.ஓ. தண்ணீர் நல்லதுதான், ஆனால் ஒரு வாளிக்கு மூன்று வாளி வெளியே போகிறது. அந்தக் கழிவு நீரைச் செடிக்கு விடுகிறவர்கள் மீட்டர் வைத்துப் பார்க்கவும். 1,600 உள்ளே போனால் கழிவு 2,000-ஐத் தாண்டும். கழனித்தண்ணீரைக் கொட்டாதே என்பாள் அம்மா, சரிதான். ஆனால் போர் தண்ணீரில் அரிசி களைந்தால் அதிலும் அதே உப்புதான். லாரித் தண்ணீர் லோடுக்கு லோடு மாறும், அளக்காமல் தொடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் நான் போட்டதில்லை. ஊர்ப்பக்கம் நல்ல கிணறு வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவைப்படாது.

மழைத்தண்ணீரில் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் தடவை மாடித் தளத்துக் குழாயிலிருந்தே பிடித்தேன். அந்தக் குழாயில்தான் பைகளிலிருந்து வடிவதும் போகிறது, வந்தது டீத்தண்ணீர் நிறத்தில். இப்போது மாடிப்படி அறையின் மேல்தளத்தில் இருந்து தனிக் குழாய். அது சுமார் 100 சதுர அடி. 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய நிறைந்துவிடும். புறா எச்சமும் தூசியும் போக முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் கீழே விட்டுவிடுவேன். டிரம் நீல நிறமாக, வெளிச்சம் புகாததாக இருந்தால் பாசி பிடிக்காது. பழைய டிரம் வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். வாயில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். டெங்கு கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர் என்றால் உயிர்.

என்னிடம் இரண்டு டிரம், 400 லிட்டர். மார்கழியோடு மழை முடிந்தால் தெளிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு பங்குனி வரை ஓட்டுகிறேன். வேருக்குக் கலப்பதற்கு மெட்ரோ, டிரம்முக்கும் மெட்ரோ. போர் தண்ணீர் படிக்கட்டு கழுவ. இரண்டாவது டிரம்மில் இப்போது ஒரு சாண்தான் மிச்சம். அதனால் ஏ.சி. குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன், ஒரு ராத்திரிக்குப் பாதி வாளி சேர்கிறது, மீட்டர் 30 காட்டுகிறது. இரண்டு தெளிப்புக்கு அது வரும்.