ஸ்டூவர்ட் டி10: ஆர்சி நீராவிப் படகுக்கு ஏற்ற எஞ்சின்

இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரியில் ஓடிய விக்டோரியா காலத்து நீராவிப் படகுகளைப் போலத் கரையிலிருந்து ரேடியோவால் இயக்கும் (ஆர்சி) திறந்த மாதிரிப் படகு ஒன்றைக் கட்டினால், எஞ்சினை மறைக்க வழியில்லை. பார்ப்பவரின் கண் முதலில் அதன்மேல்தான் போய் நிற்கும். அந்த இடத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் டி10 என்ற சிறிய நீராவி எஞ்சின். வார்ப்புகளாக வாங்கிக் கடைசல் இயந்திரத்தில் நாமே உருவாக்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் கடைந்து முடித்த பாகங்களை வாங்கிக் கைக்கருவிகளாலேயே பூட்டிவிடலாம்.

முக்கால் அங்குல, அதாவது சுமார் 19 மி.மீ. விட்டமும் அதே அளவு ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் இது. பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளுவதாலும், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குகள் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருப்பதாலும், எந்த நிலையில் நின்றிருந்தாலும் நீராவியைத் திறந்ததும் தானாகச் சுழலத் தொடங்கும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், பிஸ்டன் முனைக்கு வந்த நிலையில் ஏரி நடுவே நின்றுவிட்டால், கரையிலிருந்து அதை மீண்டும் கிளப்ப முடியாது.

எஞ்சினை எதிர்த்திசையிலும் சுழலவைக்கும், தனியாகக் கிடைக்கும் ஸ்டீபன்சன் ரிவர்ஸ் அமைப்பையும் தொடக்கத்திலேயே சேர்த்துப் பூட்டிவிடுங்கள். ஓடும்போது நீராவியின் அழுத்தம், சிலிண்டருக்குள் நீராவியை விடும் ஸ்லைடு வால்வை அதன் தளத்தோடு இறுக்குவதால், கையால் எளிதாக நகரும் ரிவர்ஸ் லிவர் அப்போது கனத்துவிடும். லிவரை ரேடியோ கட்டளைப்படி நகர்த்தும் சாதாரண சிறிய சர்வோ மோட்டார் அதற்குத் தாங்காது, உலோகப் பல்சக்கரம் கொண்டதே வேண்டும். அதே ஸ்லைடு வால்வால் ஒரு நன்மையும் உண்டு: குளிர்ந்த சிலிண்டரில் நீர் தேங்கினால் வால்வு தளத்தைவிட்டு எழுந்து அதை வெளியேற விடுகிறது.

சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு என்பதால் எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் கூடாது. நீராவிக் குழாயில் பொருத்தும் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் வரும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் சிறிது சிறிதாகக் குழாய்க்குள் தள்ளப்படுகிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் அந்த நீரை வடித்து, நீராவி எஞ்சினுக்கென்றே விற்கும் கெட்டி எண்ணெயை நிரப்ப வேண்டும். சிலிண்டருக்குள்ளும் சில சொட்டு விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி வைக்காவிட்டால் துரு பிடிக்கும். கழிவு நீராவியோடு வரும் எண்ணெய் ஏரியில் கலக்காதிருக்க, புகைபோக்கிக்கு முன்னால் ஒரு பிரிப்புக் கலனும் அவசியம். எஞ்சினுக்குச் செலவழித்துவிட்டு இதை விட்டுவிடுவது நீருக்குச் செய்யும் அநியாயம்.

ரிமோட் அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை நீருக்குள் ஊடுருவாது; உலோகமும் அதை மறைக்கும். எனவே படகில் அந்த அலையைப் பெறும் ரிசீவரின் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே, செப்புக் கொதிகலனிலிருந்து விலக்கி, ஈரமும் வெப்பமும் எட்டாத இடத்தில் பொருத்துங்கள்.

ஒரு மீட்டருக்குக் குறைந்த படகில் இந்த எஞ்சினும் அதற்குத் தீனி போடும் கொதிகலனும் இடத்தையெல்லாம் அடைத்துவிடும். அதைவிட நீளமான படகில், மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பல்லரை இடையில் பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகவே ஓட்டலாம்.