மழலைப் பேச்சுக் குறிப்பேடு வாங்கலாமா?

குழந்தைகளின் வேடிக்கைப் பேச்சை எழுதிவைக்கவென்றே வரும் ஏடுகள் பலவற்றில் ஒரே குறை: பேச்சுக்கு மூன்று வரி, பூப்படத்துக்கு அரைப் பக்கம். “அம்மா, நீ குட்டிப் பாப்பா ஆனதும் என் சட்டையைப் போட்டுக்கோ” என்பதற்கு முன்னால் அம்மா என்ன சொன்னாள் என்று எழுத இடமில்லாவிட்டால், இரண்டு வருடம் கழித்துப் படிக்கும்போது பாதிச் சிரிப்பு போய்விடும். ஆறேழு வரியாவது வேண்டும். வயதை வருடம், மாதம் இரண்டிலும் குறிக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2 வயது 4 மாதப் பேச்சு வேறு, 3 வயதுப் பேச்சு வேறு.

அளவு ஏ5 (148 × 210 மி.மீ.) போதும். வழவழத் தாளில் ஜெல் மை சட்டென்று காயாது, கை பட்டால் இழுபடும், பால்பாயிண்ட்தான் உத்தமம். அமிலமில்லாத தாள் என்றால் சீக்கிரம் மஞ்சளாகாது. உறையில் மினுமினுப்பு எதற்கோ!

கைபேசியிலும் எழுதலாம், ஆனால் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணையுங்கள். ‘பத்தாம்பூச்சி’யை அது ‘பட்டாம்பூச்சி’ ஆக்கிவிட்டால் எழுதியதே வீண். கேமராவை நீட்டி “இன்னொரு தடவை சொல்லு” என்றாலோ, வாய் மூடிக்கொள்ளும்.