லைட்னர் பெட்டியா, தொடர் வாசிப்பா?

ஆங்கிலச் சொற்களை மனத்தில் பதிக்க, வெளிநாட்டுப் படிப்புக்கான ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ தேர்வுகளுக்குத் தயாராகும் ஈரானிய மாணவர்களிடம் லைட்னர் பெட்டிக்கு, அதாவது பல அறைகள் கொண்ட அட்டைப் பெட்டிக்கு, நல்ல மவுசு உண்டு. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் தன் நூலில் விளக்கிய முறை அது. அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் பாரசீகப் பொருள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். தேர்வு நெருங்கிவிட்டதென்றால் இதுதான் கைகொடுக்கும்.

ஆனால் பொருள் தெரிவது வேறு, எழுதத் தெரிவது வேறு. பாரசீகத்தில் ஏராளமான வினைகள் பெயர்ச்சொல்லோடு கர்தன் (செய்), கெரெஃப்தன் (எடு), தாதன் (கொடு) போன்ற துணைவினைகள் சேர்ந்தே உருவாகின்றன. தமிழைப் போலவே அங்கும் முடிவை 'எடுப்பார்கள்'. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'மேக்' (செய்) என்பதே பொது வழக்கு. இந்தச் சேர்க்கைகளைத் தனிச்சொல் அட்டை சொல்லித்தராது. நாளிதழ் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு அவை தானாகவே படியும். அரிய சொல் மறுபடி கண்ணில் படத் தாமதமாகும், அது வாசிப்பின் குறைதான்.

என் ஓட்டு வாசிப்புக்கே. பெட்டியை விட மனமில்லை என்றால் சரி, அட்டையில் சொல்லுக்குப் பதிலாக, படித்த வாக்கியத்தையே முழுதாக எழுதிப் போடுங்கள்.