கடல் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் பணம் அனுப்பும் முன் படியுங்கள்: எனக்குப் போனது 74,500 ரூபாய்

74,500 ரூபாய். மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். அதை வாங்கிக்கொண்டு எனக்கு வந்து சேர்ந்தது என்ன தெரியுமா? கேட்ட மாதிரி இல்லாத ஒரு கண்ணாடிப் பெட்டி, பை மாற்றிக் கட்டிய உப்பு, குளத்துப் பாசி, உயிரே இல்லாத ஒரு பாட்டில் தண்ணீர், அப்புறம் வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு வரக்கூடிய கல். நேற்று ராத்திரி கடைக்காரன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். கடல் மீன்தொட்டிச் சாமான்கள் மட்டும் விற்கிற ஆன்லைன் கடை. தினமும் வீடியோ போடுகிற பக்கம், பின்தொடர்பவர்களும் ஏராளம். இப்போதைக்கு இது போதும்.

எங்கள் ஊர் தர்மபுரி. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை குடிக்கிற தண்ணீரிலேயே ஃப்ளோரைடோடு மல்லுக்கட்டிய மாவட்டம் இது. இங்கே பவளத் தொட்டி வைப்பதென்றால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் முதலில் வாங்கியதே ஆர்.ஓ. மெஷினும் அதற்குப் பின்னால் மாட்டும் டி.ஐ. குப்பியும்தான் (மிச்சமிருக்கும் உப்புகளையும் உறிஞ்சி எடுப்பது). தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் சுழி, அதாவது பூஜ்யம், காட்டுகிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் போகவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான் ஆசைப்பட்டது பெரிய ஆடம்பரத் தொட்டி இல்லை. மூன்றடித் தொட்டி, இயற்கை முறை. இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் 1960-களிலேயே உயிருள்ள பாறையும் கடல் தண்ணீரும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறார். பாறைத் துளைகளுக்குள் வாழும் பாக்டீரியா, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். மிஞ்சுகிற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் யார் எடுப்பது? அதற்குத்தான் ரெஃப்யூஜியம். தொட்டிக்குக் கீழே இருக்கிற சம்ப் என்கிற துணைத் தொட்டியில் ஒரு அறையைத் தனியாகப் பிரித்து, தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு, விளக்கு போட்டு அதில் கீட்டோ என்கிற கடல் பாசியை வளர்ப்பார்கள். பாசி சத்தைத் தின்று வளரும், வளர்ந்ததை அள்ளி வெளியே போட்டால் சத்தும் சேர்ந்து வெளியே போய்விடும். கோப்பிபாட் மாதிரியான பொடி உயிர்கள் மீன் வாயில் சிக்காமல் அந்தப் பாசிக்குள் பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக மேல் தொட்டிக்கு உணவாகப் போகும். மேலே விளக்கு அணைகிற நேரத்தில் கீழே விளக்கைப் போட்டால் ராத்திரியில் பி.எச். ரொம்ப இறங்காது. என்ன அழகான ஏற்பாடு! படிக்கப் படிக்க எனக்கு அதில்தான் மனசு போனது, மீனில் கூட இல்லை.

இன்னொன்றிலும் நான் உறுதியாக இருந்தேன். கடலில் இருந்து பெயர்த்த பவளப்பாறை ஒரு துண்டு கூட வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அதைத் தெரிந்த பிறகு எவனாவது அந்தக் கல்லைக் காசு கொடுத்து வாங்குவானா? கையால் செய்த பாறை போதும், பாக்டீரியா அதிலும் குடியேறும் என்றேன். கோமாளி மீன் (சினிமாவில் வரும் நீமோ) ஜோடியும் தொட்டியிலேயே பொரித்ததாக இருக்க வேண்டும் என்றேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்து காட்டியிருக்கிறது, கிடைக்காத சரக்கு ஒன்றுமில்லை.

இதையெல்லாம் வீடியோ காலில் சொன்னபோது அந்தக் கடைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? அங்கேதான் நம்பிக்கை வந்தது. போனைத் திருப்பித் தன் தொட்டிகளைக் காட்டினான். கீட்டோவைக் கையில் அள்ளி, "பாருங்கண்ணா, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் மாதிரி விறைப்பா இருக்கும், அப்படி இருந்தாதான் ஒரிஜினல்" என்று பிசைந்து காட்டினான். "கடல்ல இருந்து எடுத்த கல் எங்ககிட்ட கிடையவே கிடையாதுண்ணா, நாங்களே ஊத்தி, ஆறு மாசம் உப்புத் தண்ணில போட்டு பழுக்க வச்சது" என்றான். என் மகள் எட்டிப் பார்த்ததும் "பாப்பா, நீமோ வேணுமா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் சொன்னான்: "அவசரப்படாதீங்கண்ணா. முதல் ஒன்றரை மாசம் மீனே போடாதீங்க. அம்மோனியா சுழிக்கு வரட்டும், அப்புறம் நானே ஜோடியை அனுப்புறேன்."

இவ்வளவும் சரியான பேச்சு. உப்பு அடர்த்தி 1.025, சூடு 25 டிகிரி பக்கம், ஆல்கலினிட்டி (பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மை) 8-க்கு மேல், கால்சியம் 400-க்கு மேல் என்று எதைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. விற்கிற அவசரத்தில் இருக்கிறவன் மீன் போடாதே என்று சொல்வானா? முன்பணம் 30,000 அனுப்பினேன். சாமான் கட்டுகிற வீடியோ வந்ததும் மீதி 44,500. மொத்தம் 74,500 ரூபாய்.

லாரி பார்சல் நான்கு ரோடு பக்கம் வந்து இறங்கியது. வீட்டில் பிரித்ததும் முதல் அடி. மூன்று அறை, நடுவில் ரெஃப்யூஜியம் என்று வரைந்து கொடுத்து அவனும் ஒப்புக்கொண்ட சம்ப்பில் இரண்டே அறை. கேட்டதற்கு, "ஸ்பாஞ்சு வச்சுத் தடுத்துக்கலாம்ணா, அதே வேலைதான் செய்யும்" என்றான். நுரை கிளப்பிக் கழிவைப் பிரிக்கிற ஸ்கிம்மரைக் காணோம், "அடுத்த லோடுல வருது." உப்புப் பையின் ஓரத்தில் பழைய சீல் கிழிந்து அதன் மேல் இன்னொரு சீல். கலக்கிப் பார்த்தால் ஆல்கலினிட்டி 5 கூடத் தேறவில்லை. "உங்க டெஸ்ட் கிட் எக்ஸ்பயரி ஆகியிருக்கும்" என்றான். பிரிக்காத புதுக் கிட் அது. நியாயமாகச் சொல்கிறேன், சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ரிட்டர்ன் மோட்டார் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

வேறு நல்ல உப்பு வாங்கிக் கலந்து, பாறையை அடுக்கினேன். அம்மோனியா ஏறியது. ஏறத்தான் வேண்டும், முதலில் ஏறி அப்புறம் இறங்கும். ஆனால் இது இறங்கவே இல்லை. நைட்ரைட்டும் வரவில்லை, தொட்டிக்குப் பக்கத்தில் போனாலே அழுகின முட்டை வாடை. போன் செய்தால் "சைக்கிள் ஓடுதுண்ணா, பொறுமை." பாக்டீரியா குடியேறி அம்மோனியா இறங்குகிற காலத்தைத்தான் சைக்கிள் என்பார்கள். மறுபடி கேட்டால் "கடல் தொட்டிக்குப் பொறுமைதாண்ணா முதல் மூலதனம்." பழுக்க வைத்த பாறை என்றால் இந்த நாற்றம் வரக்கூடாதே என்றேன். அதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "உங்க ஊர் ஃப்ளோரைடு தண்ணி ஆச்சேண்ணா, அங்கெல்லாம் ரீஃப் (பவளத் தொட்டி) செட் ஆகாது." சுழி டி.டி.எஸ். தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்தான், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. எங்கள் ஊர் ஜனங்கள் பல்லும் எலும்பும் கெட்டு அனுபவித்த ஒரு கஷ்டத்தை எடுத்துத் தன் திருட்டுக்குச் சாக்கு சொல்கிறான்!

அப்புறம் பஸ் பார்சலில் கீட்டோவும் கோப்பிபாட் பாட்டிலும் வந்தன. பையைத் திறந்து கையில் எடுத்தேன். அவன் பிசைந்து காட்டினானே, அந்த விறைப்பு எங்கே? கொழகொழவென்று விரலில் ஒட்டிக்கொண்டது, மெலிசான இழை, சேற்று வாடை. சந்தேகம் வந்து, பைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, உப்பின் அளவைக் காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். நீலக் கோடு அப்படியே சுழியில் நிற்கிறது. உப்பே இல்லை! கடல் பாசியை யாராவது நல்ல தண்ணீரில் போட்டு அனுப்புவார்களா? ஏதோ ஏரியிலோ குளத்திலோ அள்ளியது. உப்புத் தண்ணீரில் விட்ட மறுநாளே வெளுத்துக் கரைந்துபோனது. படம் அனுப்பினால், "டிராவல்ல உப்பு அடில தங்கிடும்ணா, குலுக்கிட்டு பாருங்க" என்றான். கரைந்த உப்பு எங்கேயாவது தானாக அடியில் தங்குமா? பள்ளிக்கூடப் பிள்ளை சிரிக்கும்.

கோப்பிபாட் பாட்டிலை இருட்டில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உயிரோடு இருந்தால் வெள்ளைப் புள்ளியாகத் துள்ளித் துள்ளி நீந்தும். ஒன்றும் அசையவில்லை. கேட்டதற்கு, "அது முட்டை ஸ்டேஜ்" என்றான்.

வாடை தாங்காமல் பாறையை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்தபோதுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. மேலே சிமென்ட் பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே வெள்ளையாக, வரிசை வரிசையாகச் சின்ன நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள். கடினப் பவளத்தின் எலும்புக்கூடு. இடுக்குகளில் செத்த கடல் ஸ்பாஞ்சு (பாறையில் ஒட்டி வாழும் உயிர்) கறுத்துக் கிடந்தது, நாற்றம் அதிலிருந்துதான். எதைத் தொடவே மாட்டேன் என்று சொன்னேனோ, அதற்கே சிமென்ட் பூசி என் தலையில் கட்டியிருக்கிறான். 20 கிலோ.

போன் செய்து கத்தினேன். அதுவரை வாய்க்கு வாய் 'அண்ணா' போட்டவன் குரல் மாறியது. "ஹார்டு கோரல் ஷெட்யூல் ஒன்னு, தெரியுமில்ல? கல்லு இப்ப உங்க வீட்டுல இருக்கு சார். கம்ப்ளெயின்ட் குடுங்க, ஃபாரஸ்ட்காரங்க முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க." போன் கட். அதோடு பிளாக்.

சட்டம் அவன் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் 2001-ல் சேர்க்கப்பட்டன. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை வரும். அவன் அதைத் தெரிந்துதான் விற்றிருக்கிறான், ஏமாந்தவன் வாயைத் திறக்க மாட்டான் என்ற தைரியத்தில். நான் பயப்படப் போவதில்லை. கையால் செய்த பாறைதான் வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டதும், "கடல் கல் கிடையாது" என்று அவன் எழுதியதும் அப்படியே இருக்கிறது. வக்கீல் நண்பரோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போய், எழுதிக் கொடுத்து, கல்லை ஒப்படைத்துவிட்டுத்தான் மறுவேலை.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்: இந்தத் தொட்டிக்குக் காத்திருப்பது அவசியம், அது உண்மை. அந்த உண்மைக்குள்ளேயே அவன் ஒளிந்துகொண்டான். பொறுமை, பொறுமை என்று சொல்லிச் சொல்லியே புகார் கொடுக்க வேண்டிய நாட்களையெல்லாம் கடத்திவிட்டான். 74,500 ரூபாய் போனதை விட, மகள் தினமும் "நீமோ எப்பப்பா வரும்?" என்று கேட்பதற்குப் பதில் இல்லாமல் நிற்பது பெரிதாக இருக்கிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு நிதானம் இல்லை. அவசரமாகச் சில:

முழுப் பணத்தையும் முதலிலேயே அனுப்பாதீர்கள். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம், எனக்கு வந்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. பெட்டியைப் பிரிக்கும்போது முதலிலிருந்து கடைசி வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். பாசியோ உயிரோ வந்தால் முதல் வேலையாகப் பைத் தண்ணீரின் உப்பு அடர்த்தியைப் பாருங்கள். பாறையில் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள், நட்சத்திரக் குழி தெரிந்தால் தண்ணீரில் போடாதீர்கள், உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு தடவை எழுதி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

பணம் போனதும் 1930, சைபர் கிரைம். நுகர்வோர் உதவிக்கு 1915. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இதே கல்லோ இதே குளத்துப் பாசியோ உங்களுக்கும் வந்திருந்தால் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது சாட்சி. நான் திங்கட்கிழமை 74,500 ரூபாய்க்கும் மனு எழுதிக்கொண்டு போகிறேன்.