"மோட்டார் போச்சு" என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள்

எங்கள் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) கதவுக்குக் கீழே இருக்கும் மின்சாரப் படி தகராறு செய்கிறது என்று ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். மோட்டாரும், அதை ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோல் பாக்ஸும் எரிந்துவிட்டன என்றார்கள். இரண்டையும் மாற்றியாகிவிட்டது என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். அதற்கு 23 நாள் கழித்து அதே படி பாதியில் நின்று, அம்மா விழுந்தார். உண்மையான பழுது, வண்டியின் இரும்புச் சட்டத்தில் துருவேறிக் கிடந்த ஒரு எர்த் போல்ட்; மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி அது. மாற்றியதாகச் சொன்ன மோட்டாரை அவர்கள் கழற்றவே இல்லை. இதே படி வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அறிகுறி. கதவைத் திறந்தால் படி வெளியே வரும், ஆனால் மிக மெதுவாக வரும். சில சமயம் முக்கால் தூரம் வந்து நின்றுவிடும். கதவை மூடித் திறந்தால் மறுபடி கொஞ்சம் நகரும். மழை நாளுக்குப் பிறகு இது மோசமாகும். இன்னொன்றையும் கவனித்தேன்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது படி ஓரளவு ஒழுங்காக வரும், எஞ்சினை அணைத்தால் திணறும். பட்டறையில் வண்டியை விட்டபோது இதை இரண்டு முறை சொன்னேன். எஞ்சின் ஓடும்போது, அதோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் வரை தருகிறது, அணைத்திருந்தால் பேட்டரியின் 12 சொச்சம் வோல்ட்தான். இந்த வித்தியாசத்தில் படி நல்லபடியாக ஓடுகிறது என்றால், மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, அதற்குப் போய்ச் சேரும் மின்சாரம்தான் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது. ஆனால் அந்தத் தொழிலைச் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டறைக்காரர் கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், கையில் மீட்டர் இல்லை. "சார், மோட்டார் போச்சு. அது போகும்போது பாக்ஸையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். ஒண்ணை மட்டும் மாத்தினா மறுபடி வருவீங்க" என்றார். சொன்ன தோரணையில் எனக்கும் சரி என்று பட்டது. மறுநாள் மாலை வண்டியை எடுத்தபோது படி சும்மா சர்ரென்று வந்தது. பழைய மோட்டாரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார். பில்லில் "படி ரிப்பேர், உதிரிபாகம், கூலி" என்று ஒரே வரி. பாகத்தின் எண் இல்லை, எத்தனை பாகம் என்பதுகூட இல்லை. அப்போதே நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

படி ஏன் அன்று நன்றாக ஓடியது என்பது பிறகு புரிந்தது. வண்டியை வெளிக்கரண்டில் சொருகி பேட்டரியை நிரம்பச் சார்ஜ் செய்திருக்கிறார்கள், நகரும் மூட்டுகளில் எண்ணெய் அடித்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் நோயுள்ள படியும் சில நாள் ஓடும்.

அம்மா விழுந்தது இரவில். கதவைத் திறந்தார், படி வரும் சத்தம் கேட்டது, காலை வைத்தார். படி பாதியில் நின்றிருந்தது. நுனியில் பட்டு வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். "சத்தம் கேட்டுச்சு, அதான் படி வந்துடுச்சுன்னு நெனச்சேன்டா" என்றார். பழகிய படியை யாரும் குனிந்து பார்த்துவிட்டு இறங்குவதில்லை. இந்தப் பழுதை நான் சின்ன விஷயமாக நினைக்காததற்கு அதுதான் காரணம். படி உள்ளே போகாமல் நின்றால் இன்னும் ஆபத்து. பக்கவாட்டில் படி நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியை யாராவது ஓட்டிக்கொண்டு போனால், ஓரமாக நடப்பவர் காலில் அடிக்கும்.

பட்டறையைக் கூப்பிட்டேன். "மோட்டாருக்கு வாரண்டி இருக்கு சார், அது நல்லாத்தான் இருக்கும். ஒயரிங் உங்க வண்டியோடது, அதுக்குத் தனியா பார்க்கணும்" என்றார்கள். வண்டியைப் பார்க்காமலே பழுது ஒயரிங்கில் என்று எப்படித் தெரிந்தது? அந்த ஒரு பதிலில்தான் எனக்குப் பொறி தட்டியது.

அடுத்த நாள் நானே வண்டிக்கு அடியில் போனேன். போகும் முன் ஒன்று: படியின் ஃப்யூஸைக் கழற்றாமல் அந்த மூட்டுகளுக்குள் கை விடாதீர்கள். யாராவது உள்ளிருந்து கதவைத் திறந்தால் போதும், படி கிளம்பிவிடும். விரலை நசுக்கும் பலம் அதற்கு உண்டு.

மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளின் தலையில் காய்ந்த சேறு அப்படியே அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. வண்டி வாங்கிய புதிதில் அடிப்பாகத்தை எல்லாம் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். மோட்டார் உறையில் கல் பட்ட நீளக் கீறல் ஒன்று அந்தப் போட்டோவில் இருக்கிறது. அதே கீறல், அதே இடத்தில், "புது" மோட்டாரிலும் இருந்தது. கன்ட்ரோல் பாக்ஸின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் பழைய ஸ்டிக்கர் தெரிந்தது. அதில் அச்சாகியிருந்த தயாரிப்பு ஆண்டு, வண்டியின் ஆண்டேதான்.

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அளக்க ஆரம்பித்தேன். இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏமாற்ற இடம் கொடுப்பதே இதுதான்.

படி ஓடாமல் இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். கன்ட்ரோல் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் 12.5. இதைப் பார்த்தால் யாருமே "கரண்ட் முழுசா வருது, அப்போ மோட்டார்தான்" என்பார்கள். தவறு. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். துருவேறிய இணைப்பு வழியாகவும் அந்தச் சொட்டு மின்சாரம் தடையில்லாமல் வந்துவிடும். மோட்டார் ஓடி நிறைய மின்சாரம் இழுக்கும்போதுதான் குட்டு உடையும். வீட்டில் ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்லி, படி ஓடும்போதே அதே இடத்தில் அளந்தேன். 8.9 வோல்ட். அந்த நேரம் பேட்டரி முனைகளில் 12.1 இருந்தது. அதாவது வழியில் எங்கேயோ 3.2 வோல்ட் காணாமல் போகிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறு முனையைப் பாக்ஸின் பிளஸ்ஸிலும் வைத்தேன். படி ஓடும்போது 0.3 வோல்ட், ஒயரின் நீளத்துக்கு அது சகஜம். அப்புறம் பேட்டரி மைனஸுக்கும் பாக்ஸ் மைனஸுக்கும் நடுவே அளந்தேன். 2.9 வோல்ட். எர்த் பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே நான் இனி விடமாட்டேன், இங்கே கிட்டத்தட்ட மூன்று. ஐந்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், 15 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் நம்பும்படியாகத் தெரியாது. அதனால்தான் ஓடவிட்டு அளக்க வேண்டும்.

எர்த் ஒயரைத் தொடர்ந்து போனால், பின்சக்கரம் தண்ணீரை வாரியடிக்கும் இடத்தில் சட்டத்தோடு போல்ட் போட்டிருந்தது. ஒயரின் நுனியில் போல்ட் நுழையும் வளைய முனையில் பச்சைக் களிம்பு, அதன் கீழே செதில் செதிலாகத் துரு. கழற்றி, சட்டத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, ஒயரின் நுனியில் கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புது வளைய முனை நசுக்கிப் போட்டு, முடுக்கி, மேலே வாஸ்லைன் தடவினேன். முழு வேலையும் ஒரு மணி நேரத்துக்குள். மறுபடி அளந்தபோது படி ஓடுகையில் பாக்ஸில் 11.6 வோல்ட். இரண்டு மாதமாகிறது, மழையிலும் ஓடியிருக்கிறது, ஒரு தடவைகூட நடுவில் நிற்கவில்லை.

பாதியில் நிற்பதற்கு வேறு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல படிகளில் கடைசி எல்லை வந்துவிட்டதைக் கன்ட்ரோல் பாக்ஸ் கண்டுகொள்வது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை வைத்துத்தான். படி எல்லையில் முட்டினால் மின்சாரம் சட்டென ஏறும், பாக்ஸ் நிறுத்திவிடும். மூட்டுகள் காய்ந்து மண் அடைத்திருந்தாலும் இதே மாதிரி ஏறும், பாக்ஸ் எல்லை வந்துவிட்டதாக எண்ணி நிறுத்தும். எனவே முதலில் மூட்டுகளைக் கழுவி, சிலிகான் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் வேண்டாம், மண்ணை ஒட்டிவைத்துக்கொள்ளும்.

படி அசையவே இல்லை என்றால் ஃப்யூஸ், கதவருகே இருக்கும் சுவிட்ச், கதவில் உள்ள காந்தம் என்ற வரிசையில் பாருங்கள். கதவு திறந்ததா மூடியதா என்று சொல்வது அந்தக் காந்தமும் அதற்கு எதிரே கதவு நிலையில் உள்ள சுவிட்ச்சும்தான். கதவு கொஞ்சம் தொங்கினாலும் இடைவெளி கூடிவிடும், காந்தம் விழுந்து தொலைந்திருக்கவும் கூடும். வேறொரு காந்தத்தைக் கையில் எடுத்து அந்த சுவிட்ச்சின் முன்னால் காட்டி எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

மோட்டாரே கெட்டதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா, அதற்கும் நேர்வழி இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர் பிளக்கைப் பாக்ஸிலிருந்து கழற்றி, நடுவில் ஃப்யூஸ் வைத்து, நல்ல பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்க வேண்டும். ஒயர்களை மாற்றிப் பிடித்தால் எதிர்த்திசையில் ஓடும். எல்லை வந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும், இப்போது நிறுத்துவதற்குப் பாக்ஸ் இல்லை. இப்படிக் கொடுத்தும் மோட்டார் அசையவில்லை, படியின் மூட்டுகளும் சிக்கவில்லை என்றால் மட்டும் மோட்டாரை மாற்றச் சம்மதியுங்கள். இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பட்டறையில் வண்டியை விடுவதற்கு முன் மோட்டாரையும் பாக்ஸையும் போட்டோ எடுத்து, உள்ளே தெரியாத ஒரு ஓரத்தில் ஆணியால் சின்ன அடையாளம் கீறி வையுங்கள். பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள். நான் கேட்டது வேலை முடிந்த பிறகு.

போட்டோக்களையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில் "வேற பையன் செஞ்சிருப்பான்" என்றார்கள். கீறலைக் காட்டியதும் பேச்சு மாறி, அடுத்த சர்வீஸ் இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். அம்மா விழுந்ததைச் சொன்னேன், அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. இலவச சர்வீஸ் வேண்டாம், செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தேன். கூலியை மட்டும் திருப்பினார்கள். பாகங்களுக்கான பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் புகாருக்கான காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன், என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.