சந்தையா, பழைய புத்தகமா, ஃபோன் திரையா: சமையல் படத்துக்கு யோசனை எங்கே கிடைக்கும்?

வீட்டில் சமைத்து அதைப் படமும் எடுப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் எல்லாம் சலித்துப்போகும். அதே சாம்பார், அதே கிண்ணம், அதே ஜன்னல். புதிதாக ஏதாவது தோன்றட்டும் என்று உடனே இன்ஸ்டாகிராமைத் திறப்போம். காய்கறிச் சந்தையும் பழைய சமையல் புத்தகமும் இந்த விஷயத்தில் அதைவிட நன்றாக உதவும் என்பது என் கட்சி.

திரையில் பார்ப்பது ஏற்கெனவே எடுத்து முடித்த படம். அதைப் பார்த்துவிட்டுச் சமைக்கப் போனால் கறுப்புக் கல் பலகையும் கசங்கிய துணியும்தான் நினைவில் நிற்கும், குழம்பு நிற்காது. கோணமும் தொற்றிக்கொள்ளும். 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம் 2015 வரை சதுரப் படத்தை மட்டும்தான் ஏற்றது. சதுரத்துக்குள் வட்டக் கிண்ணம் நேர் மேலிருந்து எடுத்தால் அழகாக உட்காரும். சதுரக் கட்டாயம் போய்விட்டது, மேலிருந்து எடுக்கும் மோகம் இன்னும் போகவில்லை. நம் சாப்பாட்டுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. இட்லி வெறும் வெள்ளை வட்டமாகிவிடும், அதன் உப்பல் தெரியாது. சாம்பார் பழுப்பு வட்டம். கொஞ்சம் சாய்வாக எடுத்தால்தான் முருங்கைக்காய் தலைதூக்கி நிற்பது தெரியும். (மெதுவடைக்கு மட்டும் விதிவிலக்கு. ஓட்டை தெரிய வேண்டாமா?)

சந்தைக்கு வருவோம். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கும். என்ன சமைப்பது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. வேலூர், கிருஷ்ணகிரி பக்கம் அதை இரவு ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பார்கள். முடிந்த குழம்பு பழுப்புதான், படத்துக்கு அப்படியொன்றும் எடுபடாது. பிதுக்கும் நேரத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் சுருங்கிய தோல், ஒரு பக்கம் வழவழவென்று வெளிறிய பச்சைப் பருப்பு, நடுவில் ஈர விரல்கள். படம் அங்கே இருக்கிறது. புளி சேர்ந்ததும் காயின் பச்சை மங்கிவிடும், புளிப்புக்குப் பச்சையம் தாங்காது. அதனால் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பானாலும் காயின் நிறம் வேண்டுமென்றால் வதக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டில் பரிமாறியதைத்தான் எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சந்தைக் காய் உடைத்துவிடுகிறது.

பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து, கொஞ்சம் தள்ளி மாவடு, வெயிலுக்கு நுங்கு, ஆடி ஆவணியில் நாவல் பழம் என்று வருஷமே நிறம் மாறிக்கொண்டு போகும். ஆனால் இது பருவத்துக்கு ஏற்பக் காய் வரும் சந்தை பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான். கேரட்டும் காலிஃபிளவரும் பன்னிரண்டு மாதமும் பிளாஸ்டிக் உறையில் வரும் கடைக்குப் போனால் யோசனை ஒன்றும் வராது.

அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய புத்தகம் கைகொடுக்கும். 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்றவற்றைச் சொல்கிறேன். ஆழாக்கு, பலம் என்று அளவுகள் வரும். ஆழாக்கு என்றால் சுமார் 168 மில்லி, பலம் சுமார் 35 கிராம் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம் போடும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. எனக்கு அது பெரிய வசதியாகப் படுகிறது. மோர்க்குழம்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டிக் காட்டவில்லை. எந்தப் பாத்திரம், எவ்வளவு மஞ்சள், தாளிப்பு மேலே மிதக்கட்டுமா என்பதெல்லாம் நம் முடிவு.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலச் சமையல் குறிப்பு நிமிஷக் கணக்கை அதிகம் நம்பாது, கண்ணை நம்பும். நுரை கட்டி வரும்போது ரசத்தை இறக்கு, எண்ணெய் பிரிந்ததும் நிறுத்து, பாகு கம்பிப் பதம் வரட்டும், பொன்னிறமாக வறு. சமைப்பவருக்குச் சொன்ன இதே அடையாளங்கள் கேமராவை எடுக்க வேண்டிய நொடியையும் காட்டிக்கொடுக்கின்றன. ரசத்தில் நுரை ஏறி நிற்பது சில நொடிகள்தான், அதைக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு தேடினால் கிடைக்காது. பொன்னிறத்துக்கு மட்டும் வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளை உளுந்துகூடப் பொன்னிறம்தான். ஜன்னல் வெளிச்சம் 5500 கெல்வினை ஒட்டி வரும், அதில்தான் நிறம் நிறமாகத் தெரியும்.

ஒரு குறை: இந்தப் புத்தகங்கள் நமக்கு அரிச்சுவடி தெரியும் என்று எடுத்துக்கொள்கின்றன. இப்போதுதான் சமைக்கத் தொடங்குகிறவர் தடுமாறுவார்.

சரி, திரையை மூடிவிட வேண்டுமா? வேண்டாம். என்ன எடுப்பது என்று அதைக் கேட்காதீர்கள், எப்படி எடுப்பது என்று கேளுங்கள். பிடித்த படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே ஜன்னல் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். ஆவி தெரியும் படங்களில் வெளிச்சம் பெரும்பாலும் பின்னாலிருந்து வந்திருக்கும், பின்னணி இருட்டாக இருக்கும். வாழையிலைச் சாப்பாட்டில் சோறு லேசாக இளஞ்சிவப்படித்திருந்தால், பச்சை அதிகமாகத் தெரிவதைச் சரிக்கட்ட ஃபோன் தானாகச் செய்த வேலையாக இருக்கும். வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பான வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கையால் மாற்றினால் சோறு மறுபடி வெள்ளையாகும்.