சுங்கை சிப்புட் பல் கிளினிக்: அம்மாவின் ஈறும் ஒரு வைட்டமின் டி பாட்டிலும்

அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். போன தீபாவளிக்கு முறுக்கைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டபோதுதான் கவனித்தேன், கீழ்வரிசையில் இரண்டு பல் ஆடுகிறது. துலக்கினால் ரத்தம். விசாரித்தால், வீடு தேடி வந்து விற்ற ஒருவரிடம் மூன்று மாதமாக வைட்டமின் டி வாங்கிச் சாப்பிடுகிறாராம். "ஈறு இறுகிடும், பல் டாக்டரே வேணாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பாட்டில் 180 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு வயிறு எரிந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனில் கடைவீட்டு மாடியில் உள்ள சின்னப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இதுவரை நான்கு முறை போயிருக்கிறோம்.

டாக்டர் சீனப் பெண். அம்மா மலாயில் பேசிச் சமாளித்தார். பேச்சு எலும்பு, ரத்தம் என்று போனதும் அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "பாட்டி, இப்ப இந்தக் கம்பிய ஈறுக்குள்ள விட்டு அளக்கப் போறாங்க, வலிச்சா கையத் தூக்குங்க." ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள குழி 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. அம்மாவுக்குச் சில இடங்களில் 6. தாடை எலும்பு கரைந்திருந்ததை எக்ஸ்ரேயில் எனக்கும் காட்டினார்.

பாட்டிலை நீட்டினேன். ஒரு மாத்திரையில் 5000 யூனிட். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 4000-ஐத் தாண்டக்கூடாது என்றார். வைட்டமின் டி எலும்புக்குத் தேவைதான், ஆனால் பல்லில் ஒட்டிய காரையை எந்த மாத்திரையும் கரைக்காது, அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 2004-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 50 வயதைத் தாண்டியவர்களில் ரத்தத்தில் இந்தச் சத்து குறைந்தவர்களுக்கு ஈறு அதிகமாகப் பல்லை விட்டு விலகியிருந்தது. தொடர்பு இருக்கிறது. அதற்காக மாத்திரை ஈறு நோயைக் குணமாக்கும் என்று ஆகிவிடாது.

அரசாங்க கிளினிக்கில் இனிப்புநீரோடு (சர்க்கரை நோய்) சேர்த்து வைட்டமின் டியையும் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறும் கெடுமாம். முதல் வேலையாக அந்தப் பாட்டிலை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். 20-க்குக் கீழே போனால் குறைபாடு. வெயிலிலேயே வாழ்ந்தவருக்கா என்று கேட்டேன். விடியுமுன் வேலை, மரநிழல், முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இப்போதோ நாள் முழுக்க வீட்டுக்குள். வயதான தோல் வெயிலில் இந்தச் சத்தைக் குறைவாகவே உண்டாக்கும். கறுத்த தோலுக்கு நேரமும் அதிகம் வேண்டும். இப்போது தினம் 1000 யூனிட், மத்தியானச் சாப்பாட்டோடு. இது கொழுப்பில் கரையும் சத்து.

குறைகளும் உண்டு. படி செங்குத்து, லிப்ட் கிடையாது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். ஈறுக்கு உள்ளே ஆழமாகச் சுத்தம் செய்ய இரண்டு தடவைக்கும் சேர்த்து 480 வெள்ளி, எங்களுக்குப் பெரிய பணம். ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொன்று நிற்கிறது. போன மாதம் அளந்தபோது 6 இருந்த இடங்களில் 4. ரத்தம் நின்றுவிட்டது.

போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே போங்கள். பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பார்க்கிறார்.